காரின் நாடி பிடிக்கக் கற்றுக்கொள்வோம்

பிள்ளைக்கு உடம்பு சுகமில்லை என்றால் அது முதலில் உம்மாவுக்குத்தான் தெரியும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தால் தீருகின்ற தடிமலா, உடனே டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய காய்ச்சலா என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள். சத்திரசிகிச்சை செய்ய அவளுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதுமில்லை. ஆனால் எப்போது டொக்டரிடம் போக வேண்டும், போனால் என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பல வேளைகளில் பிள்ளையின் உயிரைக் காப்பது அந்த அறிவுதான்.

வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்கும் இது பொருந்தும். எந்தக் காரும் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நடுவழியில் நின்றுவிடுவதில்லை. நாட்கணக்காகச் சத்தம் போட்டு, மணம் வீசி, தரையில் சொட்டுச் சொட்டாக வடித்து, விளக்கு எரித்து நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

முன்பு கார் என்பது வாப்பாவின் அல்லது நானாவின் பொறுப்பு. இன்று எத்தனையோ வீடுகளில் கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்க, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் கொண்டுபோய் விடுவதும், வயதான மாமியை கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதும் பெண்கள்தாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபோதிலும், வரியோடு சேர்த்து வருகின்ற விலையை நடுத்தரக் குடும்பங்களால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஆகவே பத்து, பதினைந்து வருடங்கள் ஓடிய காரையே இன்னும் பல காலம் பேணி ஓட்ட வேண்டியிருக்கிறது.

“இதெல்லாம் ஆண்கள் பார்க்க வேண்டிய வேலையல்லவா?” என்று சில சகோதரிகள் கேட்கலாம். ஒட்டகம் ஏறிப் பயணித்த குறைஷிப் பெண்களை, பிள்ளைகள் மீது அவர்கள் காட்டிய பரிவுக்காகவும் கணவரின் பொருளைப் பேணியதற்காகவும் நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியிருக்கிறார்கள். இன்று நம் பிள்ளைகள் ஏறிச் செல்வதும், கணவரின் உழைப்பில் பெரும் பங்கு முடங்கிக் கிடப்பதும் இந்தக் காரில்தான்.

எந்தக் கோளாறையும் மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று, வீட்டிலேயே தீர்க்கக்கூடியது. இரண்டு, மெதுவாக ஓட்டிச் சென்று கராஜில் காட்டக்கூடியது. மூன்று, காரை ஓர் அடிகூட அசைக்கக் கூடாதது. எது எந்த வகை என்று பிரித்தறிவதுதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா?

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் கேட்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். ‘டிக்... டிக்... டிக்’ என்று மட்டும் கேட்டு, விளக்குகளும் மங்கினால் பெட்டரி இறங்கியிருக்கிறது. அல்லது பெட்டரியின் முனைகளில் வயர் சரியாகப் பிடிக்கவில்லை. பொனட்டைத் திறந்து பாருங்கள். முனைகளில் வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் பூத்திருந்தால், அதை நீக்கினாலே சில வேளை கார் ஸ்டார்ட் ஆகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, முதலில் கறுப்பு வயரையும் (−) பிறகு சிவப்பு வயரையும் (+) கழற்றுங்கள். சுடுநீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கலந்து பழைய பல் தூரிகையால் தேய்த்து, ஈரம் போகத் துடையுங்கள். பூட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. கறுப்பு வயர் காரின் உடம்போடு இணைந்திருக்கிறது. அது பூட்டியிருக்கும்போது சிவப்பு முனையில் வைத்த ஸ்பேனர் காரின் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

மின்சாரக் கடைகளில் கிடைக்கும் சிறிய மல்ட்டிமீற்றர் ஒன்று வீட்டில் இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை. இரவு முழுவதும் நின்ற காரின் பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் முற்றாக இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்படி ஏறாவிட்டால் குற்றம் பெட்டரியில் இல்லை. அதற்கு மின்சாரம் ஊட்டுகின்ற ஓல்டனேட்டரில் அல்லது அதன் பெல்டில் இருக்கலாம். இதைப் பார்க்காமல் புதுப் பெட்டரி வாங்கிப் போட்டு, ஒரு கிழமையில் அதுவும் இறங்கிப்போன வீடுகள் உண்டு.

அயலவரின் காரிலிருந்து வயர் இழுத்து ஸ்டார்ட் செய்வதானால், சிவப்பு வயரை முதலில் உங்கள் பெட்டரியின் (+) முனைக்கும் பிறகு அவரது (+) முனைக்கும் கொடுங்கள். அடுத்துக் கறுப்பு வயரை அவரது (−) முனைக்குக் கொடுத்து, அதன் மறுநுனியை உங்கள் பெட்டரிக்கு அல்ல, பெட்டரியிலிருந்து தள்ளி எஞ்சினிலுள்ள வெறும் இரும்பில் பிடியுங்கள். பெட்டரியிலிருந்து கசியும் வாயு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. உதவ வருகின்ற கார் ஹைபிரிட் என்றால், அதன் கைநூல் அனுமதிக்கிறதா என்று பார்த்த பின்பே வயர் கொடுக்க வேண்டும்.

சத்தமே இல்லையா? கியர் ‘பி’யில் நிற்கிறதா, பிரேக்கை நன்றாக மிதித்தீர்களா என்று பாருங்கள். பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் சாவிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பெட்டரி தீர்ந்திருந்தாலும் கார் அசையாது. சாவியை அந்தப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். பல கார்கள் இசைந்துவிடும். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் பெற்றோல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தால் இருக்கும் பெட்டரியும் இறங்கிவிடும்.

2022இல் பெற்றோல் இல்லாமல் வாரக்கணக்கில் நின்ற கார்களின் பெட்டரிகள் இறந்துபோனது பலருக்கும் நினைவிருக்கும். ஓட்டமில்லாத கார் நோயாளிக் கார். கிழமைக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது.

தரையில் கிடக்கும் சொட்டு

இரவில் காரை நிறுத்தும்போது அதன் அடியில் பழைய கார்ட்போட் மட்டை ஒன்றை விரித்து வையுங்கள். சுபஹுக்குப் பிறகு அதை எடுத்துப் பாருங்கள்.

வெறும் தெளிந்த நீர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஏசி போட்ட காரில் அப்படி வடிவது இயல்பு. கபிலமோ கறுப்போ பிசுபிசுத்தால் அது எஞ்சின் ஒயில். சிவந்த எண்ணெய் என்றால் பெரும்பாலும் கியர்பொக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங் ஒயில். இவை இரண்டும் கராஜுக்குரியவை. எஞ்சின் ஒயில் கசிந்தால் அளவுக் கம்பியில் மட்டத்தைப் பார்த்துவிட்டே ஓட்ட வேண்டும்.

பச்சை, இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில், இனிப்பு மணத்தோடு இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். இதைக் கண்டால் காரைப் பார்ப்பதற்கு முன் பிள்ளைகளைப் பாருங்கள். கூலண்ட் கொடிய நஞ்சு. இனிப்பாக இருப்பதால் தவழும் குழந்தையும் பூனையும் நக்கிவிடலாம். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். மிச்சத்தை சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது.

சில்லுக்கு அருகில் இலேசான மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பாக ஈரம் இருந்தால் அது பிரேக் ஒயிலாக இருக்கலாம். அது மூன்றாம் வகை. காரை அசைக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

சூடேறும் எஞ்சின்

மாவனல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் கார்களைக் கண்டிருப்பீர்கள். குடும்பம் நிறைய ஆட்கள், டிக்கி நிறையச் சாமான், போதாதற்கு ஏசி. அந்த ஏற்றத்தில்தான் கூலண்ட் குறைந்த காரின் சாயம் வெளுக்கும்.

வெப்பமானியின் முள் மேலே ஏறினால், அல்லது சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தால், ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுமையாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வெந்துபோவோம்தான், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். உள்ளே நீர் அழுத்தத்தில் அடைபட்டு 100 பாகையைத் தாண்டிக் கொதிக்கிறது. மூடியைத் திறந்த கணமே அது முகத்தில் பீறிட்டு அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுத்து, மூடி கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, தடித்த துணியால் பிடித்து மெதுவாகத் திறக்க வேண்டும். அவசரத்துக்குச் சாதாரணத் தண்ணீர் ஊற்றலாம். ஊருக்கு வந்ததும் சரியான கூலண்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

சூடு எப்போது ஏறுகிறது என்பதே காரணத்தைக் காட்டித் தரும். நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது தணிந்தால் ரேடியேட்டரின் மின்விசிறியைச் சந்தேகிக்கலாம். வீட்டு முற்றத்திலேயே இதைப் பரிசோதிக்கலாம்: ஏசி போட்டு எஞ்சினை ஓடவிட்டால் சற்று நேரத்தில் அந்த விசிறி சுழல வேண்டும். ஏற்றத்தில் மட்டும் ஏறினால் கூலண்ட் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம். ஒயில் கம்பியை இழுத்துப் பார்க்கும்போதோ, ஒயில் மூடியின் உட்புறத்திலோ பால் தேத்தண்ணி நிறம் தெரிந்தால் ஒயிலோடு நீர் கலந்திருக்கிறது. அத்தோடு காரை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். ஓட்டினால் சில ஆயிரத்தோடு முடிய வேண்டியது இலட்சங்களில் போய் நிற்கும்.

பிரேக்கில் விளையாட்டு வேண்டாம்

மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று மிதிப்புகளுக்குக் ‘கிரீச்’ என்று கேட்டுப் பிறகு ஓய்ந்தால் அது டிஸ்க்கில் பிடித்த மெல்லிய துரு. அதுவே ஓயாமல் கேட்டால் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்ற அறிவிப்பு. இரும்பும் இரும்பும் உராய்வதுபோல் ‘கரகர’ என்று கேட்டால் பேட் முடிந்தே விட்டது. பிரேக் பிடிக்கையில் கார் ஒரு பக்கம் இழுப்பதும், ஸ்டியரிங் நடுங்குவதும் கராஜில் சொல்ல வேண்டிய குறிகள். மிதி பஞ்சுபோல் உள்ளே இறங்கினால், அல்லது இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால், அது மூன்றாம் வகை.

பொனட்டுக்குள் இருக்கும் பிரேக் ஒயில் கிண்ணத்தின் மட்டத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிட வேண்டும். பிரேக் வேலையை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. ரம்பொடையிலும் எல்ல – வெல்லவாய இறக்கத்திலும் வரும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். ஹைபிரிட் கார்களில் ‘பி’ (பார்க்கிங் அல்ல, கீழே தனியாக இருக்கும் பிரேக்கிங் நிலை) இதற்கென்றே இருக்கிறது. எரிந்த மணம் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

டயர்

காற்று எவ்வளவு என்பது சாரதியின் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயர் ஆறியிருக்கும் நேரத்திலேயே அளக்க வேண்டும். டயரின் பள்ளங்களில் எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர் என்றால் அதன் ஆயுள் முடிந்தது. இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பிழை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ‘புதிய டயர்’ என்று விற்பவரிடம் இந்த இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

டயர் மாற்றும்போது பிள்ளைகளை இறக்கி வீதியை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபக்கச் சில்லுக்குக் கல் கொடுங்கள். நட்டுகளை, சில்லு தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டுத்தான் ஜெக்கை ஏற்ற வேண்டும். பூட்டும்போது ஒன்றுக்கு எதிரே உள்ள மற்றது என்ற ஒழுங்கில் இறுக்குங்கள். ஜெக்கில் நிற்கும் காருக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. ஜப்பானிலிருந்து வந்த பல சிறிய கார்களில் மேலதிக டயரே இல்லை. ஒட்டும் திரவமும் காற்றுப் பம்பும் மட்டுமே உண்டு. உங்கள் டிக்கியில் இருப்பது எது என்று இன்றே பார்த்துவிடுங்கள். இரவில், மழையில், பிள்ளைகளோடு நிற்கும்போது தேட வேண்டாம்.

விளக்கும் புகையும்

முன்னால் எரியும் விளக்குகளில் சிவப்பு ‘நில்’ என்கிறது. மஞ்சள் ‘விரைவில் கவனி’ என்கிறது. எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். இன்னும் ஒரு மைல்தானே என்று ஓட்டினால் எஞ்சின் மிஞ்சாது. மஞ்சள் எஞ்சின் விளக்கு நின்று எரிந்தால் மெதுவாகக் கராஜுக்குப் போகலாம். விட்டுவிட்டுச் சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள்.

கரும்புகை வந்தால் முதலில் எயார் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடைபட்டிருந்தால் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. நீலப்புகை ஒயில் எரிவதைச் சொல்கிறது. இனிப்பு மணத்தோடு ஓயாமல் வரும் வெண்புகை, கூலண்ட் எரிவதைச் சொல்கிறது. நுவரெலியாக் குளிரில் காலையில் வரும் நீராவிக்குப் பயப்பட வேண்டாம். புகைப் பரிசோதனையில் தவறி, வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாமல் அலையும்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை.

ஏசியில் காற்றுக் குறைந்து புழுங்கல் மணம் வந்தால், பல கார்களில் முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள பெட்டியின் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாம். வைப்பரின் இறப்பரும் அப்படித்தான். பியூஸ் எரிந்தால் அதே அம்பியர் பியூஸையே போட வேண்டும். பெரியதைப் போடுவது தீயை அழைப்பதாகும்.

கை வைக்கக் கூடாதவை

ஹைபிரிட் காரின் செம்மஞ்சள் நிற வயர்களில் நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் ஓடுகிறது. அது ஆளைக் கொல்லும். அதே காரின் பின்னிருக்கைப் பக்கத்தில் பெட்டரிக்குக் காற்றுப் போகும் வலைக்கண் ஒன்று இருக்கும். புத்தகப் பையும் அபாயாவும் போட்டு அதை மூடிவிட்டால் இலட்சங்கள் பெறுமதியான பெட்டரி சூடேறிக் கெடும். அதைத் தூசி இல்லாமல் வைத்திருப்பதே பெரிய பராமரிப்பு. எயார் பேக்கின் மஞ்சள் வயர்களையும் தொட வேண்டாம். கதவு மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடவும் வேண்டாம். மணமோ நிறமோ இல்லாத நச்சுவாயு சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

“கார் சரியில்லை, ஒருக்கா பாருங்க நானா” என்று சாவியைக் கொடுத்தால், அவர் எதையெல்லாம் மாற்றினாலும் நாம் பணம் கொடுக்க வேண்டியதுதான். “மூன்று நாளாக, எஞ்சின் சூடான பிறகு மட்டும், இடப்பக்கம் திருப்பும்போது முன் சில்லில் ‘டக் டக்’ என்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். அவர் உங்களை வேறு விதமாகப் பார்ப்பார். எப்போது, எந்த வேகத்தில், குளிர்ந்த எஞ்சினிலா சூடான எஞ்சினிலா, எந்தப் பக்கம் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஏமாற்றுவதற்கான இடமும் அவ்வளவுக்குக் குறைந்துவிடும். நேர்மையான மெக்கானிக்குக்கும் இது பேருதவி. அவரும் இருட்டில் தேட வேண்டியதில்லை.

வேலை தொடங்குமுன் செலவைக் கேளுங்கள். பாகத்தின் விலையைப் பஞ்சிகாவத்தைக் கடை ஒன்றில் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் திகதி, ஓடிய கிலோமீற்றர், செய்த வேலை, கொடுத்த பணம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வெளிநாட்டிலிருக்கும் கணவருக்குக் கணக்குச் சொல்லவும், நாளை காரை விற்கவும் அந்தக் கொப்பி கைகொடுக்கும்.

கிழமையில் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒயில், கூலண்ட், பிரேக் ஒயில் மட்டங்கள், நான்கு டயர்கள், விளக்குகள், காருக்கு அடியில் ஒரு பார்வை. வயது வந்த மகளையும் மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அவர்களும் பழகட்டும். பிறகு பிள்ளைகளை ஏற்றி, பயண துஆவை ஓதிக்கொண்டு புறப்படுங்கள்.